பாசி நானாவும் என் கிணற்றுத் தண்ணீரும்

கற்பிட்டிப் பக்கத்தில் கடலோடு மல்லுக்கட்டியவர்கள் நிறையப் பேர். கடலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து மல்லுக்கட்டியவர் பாசி நானா ஒருவர்தான்.

குறிஞ்சிப்பிட்டியில் எனக்கு அடுத்த வீடு. கருவாட்டு லொறி ஓட்டி ஓய்ந்தவர். மற்றவர்கள் தொலைக்காட்சி வைக்கும் இடத்தில் அவர் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். அதில் கடல் தண்ணீர், கொஞ்சம் பவளக்கல், வெள்ளைக் கோடு போட்ட செம்மஞ்சள் மீன் ஒரு சோடி. பெயர் துரை, நோனா, ஐயாவும் அம்மாவும் என்பதுபோல. ரோட்டில் எதிரே வந்த எவரையும் மதிக்காத மனிதர், அந்த இரண்டையும் மரியாதையாகத்தான் அழைப்பார்.

ஒரு நாள் தொட்டியில் பச்சை முடி முளைத்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோனது.

முதலில் பிரஷ்ஷால் தேய்த்தார். வீட்டிலிருந்த பல் பிரஷ் எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குப் போக, குடும்பமே விரலால் பல் விளக்கியது. பாசி முன்னைவிட அடர்த்தியாக வந்தது. இருட்டில் பாசி சாகும் என்று யாரோ சொல்ல, மனைவியின் கறுப்பு ஹபாயாவை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்திவிட்டார். அந்த வாரம் எத்தாளையில் ஒரு கலியாணம்.

"மீன் ஹபாயா போட்டிருக்கு. நான் வலையச் சுத்திக்கிட்டா கலியாணத்துக்குப் போற?" என்று அவர் மனைவி கேட்டது என் குசினி வரைக்கும் கேட்டது.

அடுத்தது ஓரா மீன். பாசி தின்னும் என்று சின்னதாக ஒன்று வாங்கிவந்தார். வாளியிலிருந்து மாற்றும்போது அது முள்ளால் குத்திவிட்டது. ஜும்ஆத் தொழுகைக்கு வந்தவர் வீங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நிற்க, மாரடைப்பு என்று நினைத்து இரண்டு பேர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள். ஓராவோ பாசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. துரைக்கும் நோனாவுக்கும் போட்ட தீனியைத் தின்று கொழுத்தது.

கடைசியில் மனைவி கெடு வைத்தார். பெருநாள் முடிந்ததும் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் தொட்டி தெளியாவிட்டால் மீன் கடலுக்கு, தொட்டி கோழிக்கு. "கடல்ல விட்டா இதுக ஒரு நாள் தாங்காது சேர்" என்று நானா, வாத்தியாராக இருந்த என்னிடம் வந்து சொன்னார்.

இனி என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். தொட்டித் தண்ணீர் வற்றும்போது உப்பு அப்படியே மிஞ்சும். அதனால் நல்ல தண்ணீர் ஊற்றித்தான் நிரப்ப வேண்டும். நானாவின் கிணறு உப்புக் கரித்துச் சவராகிவிட்டதால் என் கிணற்றில் அள்ளினார். ஊரிலேயே என் கிணறுதான் இனிப்பு என்று எனக்குப் பெருமை. கிணற்றைச் சுற்றி என் வெங்காயப் பாத்தி. மணல் நிலம். போடுகிற யூரியா தண்ணீரோடு இறங்கி நேரே கிணற்றுக்குத்தான் போகும். வெங்காயத்தை வளர்ப்பது பாசியையும் வளர்க்கும். விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு ஹபாயா போர்த்தியபோதே இது விளங்கிவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கிணற்றில் குடிக்க அள்ளும் அத்தனை வீடும் என்னைக் கேள்வி கேட்கும். நானாவைப் பார்த்து ஊர் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெருநாள் நெருங்கிய ஒரு காலையில் நோனா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நானா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். பிரஷ்ஷைக்கூடத் தொடவில்லை. அப்போது சொல்லிவிட்டேன்.

அவர் ஏசவில்லை. "அப்ப நீங்களும் இந்தத் தண்ணியத்தானா சேர் குடிக்கிற?" என்றார்.

"ஓம்."

"தெரிஞ்சுக்கிட்டே?"

அவர் எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சந்தியில் தண்ணீர் சுத்திகரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போனார்.

நோனா பிழைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள், மூலையில் மிச்சமிருந்த பச்சையை அலங்காரம் என்று நினைத்துப் பாராட்டினார்கள். மற்ற வீடுகளுக்கு நானே போய் விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேர் இன்னும் எனக்கு முகம் கொடுப்பதில்லை.

நானா தினமும் காலையில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருகிறார். ஒன்றை என் குசினியில் இறக்கிவைத்த பிறகுதான் துரையையும் நோனாவையும் பார்க்கப் போவார். நான் தனியாள். அவருடைய சைக்கிள் சத்தம் கேட்கும்வரை தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவதில்லை.