கார்டு மாட்டப் போய் மாட்டிக்கொண்டவர்

பொண்டாட்டியிடம் ஒரே ஒரு பொய் சொல்லி, அதையும் அவள் நல்லதுக்கே சொல்வது போலச் சொல்லி, வாழ்க்கையில் ஒருதரமாவது ஜெயித்துவிடுவது என்று நைனா முகமது முடிவெடுத்தது 2006-ல் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வரும் வழியில். தொழுகை முடித்த கையோடு எடுக்கிற முடிவா இது என்று அவருக்கே கொஞ்சம் உறுத்தியது. பிரியாணி உள்ளே போனதும் உறுத்தல் அடங்கிவிட்டது.

ஷார்ஜாவில் பெரிய பெரிய டிரெய்லர் ஓட்டியவர் நைனா முகமது. ஊர் திரும்பி, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை போட்ட பிறகு அவர் ஓட்டுவதெல்லாம் ஒரு மொபெட். அதிலும் பின்னால் செருப்பு மூட்டை. பகல் முழுக்க அடுத்தவர் காலைப் பார்த்தே கழிகிற மனுஷனுக்கு ஒரே ஆறுதல், வீட்டு கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கார் ரேஸ்தான்.

அந்த ஆறுதலுக்கும் ஆபத்து வந்தது. பக்கத்து செல்போன் கடை அய்யம்பெருமாள் புதுசாக ஒரு ரேஸ் சிடி கொடுத்தான். போட்டுப் பார்த்தால் கார் ஓடவில்லை. வளைவுக்கு முன்னால் ஒரு போட்டோ, வளைவுக்குப் பின்னால் ஒரு போட்டோ. நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

"உங்க கம்ப்யூட்டர் பழசு பாய். கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு போடுங்க. மழையில ரோட்டுல தண்ணி தெறிக்கிறதுகூடத் தெரியும்," என்றான் அய்யம்பெருமாள்.

பெரம்பலூரில் நிஜ மழையைப் பார்த்தே மாசக்கணக்காகியிருந்தது. நைனா முகமதுவுக்கு ஆசை தலைக்கேறிவிட்டது.

விளையாடுவதற்கு என்று கேட்டால் பொண்டாட்டி குல்சும் என்ன சொல்வாள் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாள். சிரிப்பாள். அதைத் தாங்க முடியாது. அதனால் அவளுடைய பலவீனத்தில் கை வைத்தார். அந்தப் பலவீனத்தின் பெயர் அஸ்ஃபாக். துபாயில் இருக்கிற தம்பி. வெப் கேமராவில் அவனோடு பேசுவதென்றால் அடுப்பில் எது கருகினாலும் அவளுக்குக் கவலை இல்லை.

"குல்சும், நேத்து அஸ்ஃபாக் மூஞ்சி தெரிஞ்சுதா ஒனக்கு?"

"எங்க தெரிஞ்சுது? புள்ளி புள்ளியா இருந்துச்சு. புள்ளைக்கு அம்மை போட்டிருக்கோன்னு பயந்துட்டேன்."

"அது அம்மை இல்ல. நம்ம கம்ப்யூட்டர்ல கார்டு இல்ல. ஒண்ணு போட்டம்னா, ஒன் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி தெரிவான்."

"ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டுக் கார்டு இருக்கு. இது வேற கார்டா?"

"இது உள்ள மாட்டுறது."

குல்சும் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "எனக்காகவா இவ்ளோ யோசிச்சீங்க?"

"பின்ன யாருக்காக?"

அவள் அவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணில் நீர். வெங்காயமா பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சரி, வாங்கியாங்க," என்றாள்.

நைனா முகமதுவுக்குச் சின்ன ஏமாற்றம். இன்னும் நாலைந்து பொய் தயாராக வைத்திருந்தார். அத்தனையும் வீண்.

மறுநாளே திருச்சிக்கு பஸ் ஏறினார். பாடாலூர் தாண்டுவதற்குள் மனசுக்குள் ஒரு ரேஸை முடித்து, கோப்பையும் வாங்கிவிட்டார். கடையில் இருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒங்க கம்ப்யூட்டர்ல கார்டு மாட்டுற எடம் ஏஜிபியா, எக்ஸ்பிரஸ்ஸா பாய்?"

நைனா முகமதுவுக்கு இரண்டும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வது ஷார்ஜா ரிட்டனுக்கு அழகா? யோசித்தார். ரேஸ் ஓட்டுகிறவன் பாசஞ்சரிலா ஏறுவான்?

"எக்ஸ்பிரஸ்ஸே குடுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குல்சும் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் மேல் ஒருத்தி பெரிய கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு இவ?"

"கம்பெனிக்காரன் போட்ட படம்."

"அஸ்ஃபாக் மூஞ்சியக் காட்ட இவ எதுக்குக் கத்தியோட நிக்கிறா?"

"செக்யூரிட்டி."

"செக்யூரிட்டிக்கு இவ்ளோ கம்மியாவா துணி குடுப்பாங்க?"

நைனா முகமது பெட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். கம்ப்யூட்டரைப் படுக்கப்போட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி மெத்தை போலக் கிடந்தது. குல்சும் பெயின்ட் பிரஷ்ஷால் பதமாகக் கூட்டி எடுத்தாள். அவர் பிஸ்மி சொல்லிக் கார்டைச் செருகினார். போகவில்லை. திருப்பிச் செருகினார். போகவில்லை. முட்டிக்கால் போட்டு அழுத்தினார்.

"ஏங்க, பல்லு ஒரு பக்கம் இருக்கு, பள்ளம் ஒரு பக்கம் இருக்கு. கை பத்தாத ஜாக்கெட்ட இழுத்துப் போட்டா கிழியத்தான செய்யும்?"

நைனா முகமது அய்யம்பெருமாளுக்குப் போன் போட்டார். விவரம் கேட்டதும் முகம் தொங்கிவிட்டது.

"என்னவாம்?"

"மதர்போர்டு ஏத்துக்காதாம்."

"ஒங்க வூட்ல மதர் எதத்தான் மொதத் தடவையில ஏத்துக்கிட்டாங்க? நாளைக்குக் கெளம்புங்க, மாத்திட்டு வருவோம்."

"பிரிச்ச பெட்டிய எடுக்க மாட்டான் குல்சும்."

"அத அவரு சொல்லட்டும்."

மறுநாள் திருச்சியில் கடைக்காரர் அதைச் சொல்லத்தான் செய்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை குல்சும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஏஜிபியா எக்ஸ்பிரஸ்ஸான்னு கேட்டீங்கள்ல, அப்ப இவரு மூஞ்சியப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க்கா."

"தெரிஞ்ச மூஞ்சியாவா இருந்துச்சு?"

கடைக்காரர் நைனா முகமதுவைப் பார்த்தார். நைனா முகமது கூரையைப் பார்த்தார்.

"இல்லங்க்கா."

"தெரியலன்னு தெரிஞ்சும் எடுத்துக் குடுத்தீங்களா?"

கடைக்காரர் உள்ளே போய் ஏஜிபி கார்டோடு வந்தார். பழைய ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்காது, இதுதான் நிற்கும் என்று விளக்கம் வேறு சொன்னார். "விலையும் இது கொஞ்சம் கம்மிதாங்க்கா."

"கம்மின்னா மிச்சத்துக்கு நல்ல கேமரா ஒண்ணு குடுங்க. அப்பிடியே ஹெட்போனும் சேத்துக்குங்க. தம்பியோட பேசத்தான இந்தக் கார்டே வாங்குறோம்."

கடைக்காரர் குழம்பினார். "பேசுறதுக்கா? அதுக்கு இந்தக் கார்டு எதுக்குங்க்கா, வெறும்—"

நைனா முகமதுவுக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்தது. கடை ஆடுகிற அளவுக்கு இருமினார். குல்சும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கேமராவைப் பையில் போட்டாள். கடைக்காரர் சொன்னது அவள் காதில் விழவில்லை என்று நைனா முகமது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

இந்தத் தடவை கார்டு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. கம்ப்யூட்டர் ஒரு சின்னச் சத்தம் கொடுத்து விழித்துக்கொண்டது. அவர் ரேஸ் சிடியைக் கையில் எடுத்தார். குல்சும் அதை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"மொதல்ல அஸ்ஃபாக். எனக்காக வாங்குனது இல்லையா?"

அஸ்ஃபாக் வந்தான். மீசையில் ஒரு நரை இருந்தது. அதுகூடத் தெரிந்தது. குல்சும் சந்தோஷத்தில் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள். தெருவும் கேட்டது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு மர்ஜியா வந்தாள். அவள் புருஷன் குவைத்தில். அதற்கடுத்த நாள் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து நைனா முகமதுவின் அம்மாவே, சவூதியில் இருக்கிற பேரனைப் பார்க்க, நாலு சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். அந்தி மஃரிபு தொழுகைக்குப் பிறகு முதல் ஆட்டம், இரவு இஷா தொழுகைக்குப் பிறகு இரண்டாம் ஆட்டம் என்று வீடு தியேட்டர் ஆகிவிட்டது. மர்ஜியாவின் கைக்குழந்தை திரையில் தெரிந்த வாப்பாவின் மூக்கைப் பிடிக்கப் பாய்ந்தபோது கூடமே சிரித்தது. நைனா முகமதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எம்மவன் மாதிரி பொண்டாட்டிக்குப் பாத்துப் பாத்துச் செய்யிறவன் யாரு இருக்கா," என்று அம்மா எல்லோரிடமும் பெருமையடித்தார்.

எல்லாம் சரி. ஆனால் ரேஸ் சிடி அலமாரியிலேயே இருந்தது. ஒருநாள் முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்த நேரத்தில், அவர் பொறுக்க முடியாமல் குல்சுமை அடுப்படிக்குள் கூப்பிட்டார்.

"குல்சும், உண்மையச் சொல்லிடுறேன். அந்தக் கார்டு மூஞ்சி தெரியிறதுக்கு இல்ல. நான் கேம் வெளையாடுறதுக்கு."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"நீங்க சொன்ன அன்னிக்கே அஸ்ஃபாக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன். மூஞ்சி தெரியணும்னா ரெண்டு பக்கமும் நல்ல கேமரா வேணும், நான் இங்க வாங்கிடுறேன், நீ அங்க வாங்கு, கார்டு மச்சான் வெளையாடக் கேக்குறாருன்னான்."

"தெரிஞ்சுமா திருச்சி வரைக்கும் வந்து மாத்திக் குடுத்த?"

"சும்மா கேமரா கேட்டா வாங்கித் தருவீங்களா?"

"சரி, போவட்டும். நான் எப்பதான் வெளையாடுறது?"

"இப்பவே வெளையாடுங்களேன். கூடத்துல எல்லாரும் இருக்காங்க. ஒங்கம்மாகிட்டப் போயி, 'நான் எம் பொண்டாட்டிக்காக வாங்கல, பொய் சொல்லி எனக்காகத்தான் வாங்குனேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க. யாரு தடுக்கப் போறா?"

நைனா முகமது கூடத்தை எட்டிப் பார்த்தார், தலைகளை எண்ணினார், அத்தனை பேருக்கும் டீ போட்டார்.