உப்புப் பார்க்காத பதினெட்டு வருஷம்

அனுபவமும் வயதைப் போலத்தான். நாம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். இந்த உண்மை எனக்கு ஒரு பெண்கள் கல்லூரியின் சமையல் கூடத்தில் விளங்கியது. அப்போது மூன்று பரீட்சகர்களும் நான் பெற்ற மகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாக இருக்கும்போது விளங்கியிருக்கலாம். (என் ஜாதகத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.)

திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத்தில் எங்கள் வீடு. என் கணவர் செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. ஒரே பெண் கமலா அப்போது இண்டர்மீடியட் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் மெடிக்கல் காலேஜ் புதிதாகத் தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில், இன்னும் கொஞ்சம் கறி போடு என்று சொல்வதைப்போல, "நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றாள்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "நன்னாப் படிக்கட்டும். ஆனா என் சம்பளத்துல ஒண்ணு இவளைப் படிக்க வைக்கலாம், இல்லேன்னா மூணு பேரும் சாப்பிடலாம். ரெண்டும் சேந்து நடக்காது, கேட்டியா?"

"நான் சம்பாதிக்கறேன்" என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரோ பேசியதாக நினைத்திருக்க வேண்டும்.

நான் வெறும் வாயால் சொல்லவில்லை. கோட்டைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சமையலும் தையலும் கற்றுக்கொடுக்கும் டீச்சர் மறு வருஷம் ஓய்வு பெறப் போகிறார். பள்ளியை நடத்தும் அம்மாள் எனக்குக் கோயிலில் பழக்கம். "ஹோம் சயன்ஸ் டிப்ளமாவோட வந்தா வேலை உங்களுக்குத்தான். ஆனா அடுத்த ஜூனுக்கு மேல காத்திருக்க ஏலாது" என்று சொல்லியிருந்தார். பள்ளி இறுதி வகுப்புத் தேறியிருந்த எனக்கு டிப்ளமாவில் சேரத் தடை இல்லை. தடை ஒன்றே ஒன்றுதான். படிப்பு இரண்டு வருஷம். எனக்குக் கையில் இருந்தது ஒரு வருஷம்.

அதற்கும் கமலாவே வழி கொண்டுவந்தாள். அவளுடைய கல்லூரியில் ஹோம் சயன்ஸ் பிரிவுக்குத் தலைவியாக வந்திருந்த சாராம்மா டீச்சர் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். அங்கே வேலை செய்து கற்றதையும் பரீட்சித்துப் பார்த்து, தேறினால் படிப்பில் கழித்துக் கொடுக்கிறார்களாம். இங்கேயும் அப்படிச் செய்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். சமையல் செய்முறையில் தேறுகிறவள் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மீனுக்கு நீச்சல் பரீட்சையா?

மனுவை என் கணவரே ஆபீஸ் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். பதினெட்டு வருஷம் இடையறாத சர்வீஸ், இரண்டு வேளை ட்யூட்டி, மாதாந்திர விடுப்பு நீங்கலாக லீவு இல்லை என்றெல்லாம் இருந்தது. (அந்த விடுப்பு எது என்று கல்லூரியில் யாரும் கேட்காதது பகவான் செயல்.) படித்துக் காட்டியபோது, எனக்கே என் பேரில் ஒரு மரியாதை வந்தது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமைத்ததைச் சுவாமிக்கு நைவேத்யம் காட்டாமல் நாக்கில் வைக்கக் கூடாது. உப்புப் பார்ப்பது, உறைப்புப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. மரவைக் கிண்ணத்தில் இருக்கும் கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டால் போட்டதுதான். கைதான் தராசு. கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் அப்படித்தான் சமைத்தேன். ஒரு நாள் ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை. கை அந்த அளவுக்குத் தேர்ந்துவிட்டது என்று எனக்குள் கொஞ்சம் கர்வம். (கொஞ்சமா? தெருவுக்கே தெரியும்.)

பரீட்சை அன்று மடிசார் உடுத்திக்கொண்டு புறப்பட்டேன். பஸ்ஸில் கமலா எனக்கு மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். "அம்மா, அங்க வந்து எங்கிட்ட உரக்கப் பேசப்படாது. என் கூட்டுகாரிகள்லாம் இருப்பா" என்று இறங்கும்போது ஓர் எச்சரிக்கை வேறு.

சமையல் கூடத்தில் எல்லாமே இடுப்புயரத்துக்கு ஏறியிருந்தது. அடுப்புக்குப் பதில் மண்ணெண்ணெய் ஸ்டவ். உப்பு ஒரு கண்ணாடி ஜாடியில் பவுடர்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த மாதிரிப் பொடியுப்பை நான் அதற்குமுன் கையாண்டதில்லை. இவ்வளவு சொகுசாக இருக்கிற உப்பில் கரிப்பு என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைத்து, வழக்கமான கையளவுக்குமேல் இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். சிட்டிகை என்பது என் கணக்கு. பார்த்தவர்கள் வேறு வார்த்தை சொல்லக்கூடும்.

சாம்பார், அவியல், ரசம். மூன்றிலும் அதே கை.

சாராம்மா டீச்சர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். பக்கத்தில் வந்து நின்று, "மாமீ, உப்பு நோக்கண்டே?" என்று கேட்டார்.

"எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது டீச்சர். சுவாமிக்குக் காட்டாம வாயில வைக்க மாட்டோம்."

"இவிடெ சுவாமி இல்லல்லோ மாமி. பரீட்சைக்காரர் அல்லே உள்ளது?"

"யாரா இருந்தா என்ன? பதினெட்டு வருஷமா இந்தக் கை பிசகினது இல்லை. எங்காத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். மலைத்துப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பரிமாறினேன். சாராம்மா டீச்சருடன் கல்லூரி பிரின்சிபாலும், வெளியிலிருந்து வந்த ஒரு லேடி டாக்டரும் உட்கார்ந்தார்கள். ருசி பார்க்க மாணவிகள் சிலரையும் கூப்பிட்டிருந்தார்கள். தோழிகள் தள்ளிவிட, கமலாவும் ஒரு தட்டோடு வந்து நின்றாள்.

பிரின்சிபால் சாம்பார் சாதத்தை ஒரு வாய் வைத்ததும் நல்ல சங்கீதம் கேட்டவரைப்போலக் கண்களை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று பூரித்தேன். டாக்டரம்மாள் தண்ணீர் டம்ளரை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. ஜன்னலோரம் நின்ற மாணவிகளில் இரண்டு பேரைக் காணவில்லை.

"மாமீ, உப்பு கொறச்சு கூடிப்போயோ?" என்று சாராம்மா டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"கூடித்தா? கமலா, நீ சாப்பிடுடீ."

கமலா சாப்பிட்டாள். சாம்பார், அவியல், ரசம் மூன்றையும் வரிசையாகச் சாப்பிட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"எப்படிடீ இருக்கு?"

"நன்னா இருக்கும்மா. எப்பவும்போலத்தான்."

அந்தப் பிடி கிடைத்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மூன்று பேரையும் பார்த்து ஒரு சொற்பொழிவே செய்தேன். ரொட்டியும் ஓட்ஸும் தின்று உங்கள் நாக்கு மரத்துப் போய்விட்டது என்றேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எங்களவர் சும்மா சொல்லவில்லை என்றேன். மரத்த நாக்கை வைத்துக்கொண்டு சமையலுக்கு மார்க் போடுவது குருடன் வைரம் பார்ப்பது மாதிரி என்றும் சொன்னேன். (பிரின்சிபாலிடம்! கையில் கரண்டியோடு!)

டாக்டரம்மாள் டம்ளரை வைத்தார். "மாமியே ஒண்ணு ருசிச்சு நோக்கட்டே."

இப்போது மறுக்க முடியாது. மறுத்தால் பயம் என்று ஆகிவிடும். கிழக்கே திரும்பி, கண்ணை மூடி, மனத்தாலேயே சுவாமிக்கு நைவேத்யம் காட்டினேன். (பாவம், அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கத் தோன்றவில்லை.) பிறகு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

சங்குமுகம் கடற்கரையில் குனிந்து நிற்கும்போது அலை முகத்தில் அடித்து வாய்க்குள் போகுமே, அதில் ஒரு முருங்கைக்காய்த் துண்டும் மிதந்து வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. துப்ப முடியாது. சொற்பொழிவு செய்த வாய் அல்லவா? விழுங்கினேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சாராம்மா டீச்சர்தான் பேசினார். "மாமி, வீட்டுல ஆரும் ஒரு நாளும் குத்தம் சொன்னதே இல்லயோ?"

"இல்லை."

"அதல்லே குழப்பம்? குத்தம் சொல்லாட்டா கை எப்படி படிக்கும்? அனுபவம் உண்டு மாமி, சம்சயமே இல்ல. படிப்புக்கு ஃபர்ஸ்ட் இயர்ல சேருங்கோ."

டாக்டரம்மாள் எழுந்து வந்து கமலாவின் தட்டைப் பார்த்தார். தட்டு காலி. "இது ஆருடெ மோள்?" என்று கேட்டார். என் மகள் என்று சொன்னதும், "முகம் மாறாம இவ்வளவு பெரிய பொய் சொல்றாளே! டாக்டருக்குப் படிக்கட்டும். நோயாளிகிட்ட இது ரொம்ப வேண்டும்" என்றார்.

எதற்காக இவ்வளவும் செய்தேனோ, அதை அவரே சொல்லிவிட்டார். நானோ அதற்கு வேண்டிய ஒரு வருஷத்தைச் சாம்பாரில் கரைத்துவிட்டு நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில் கமலா என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டில் அவர் நாளிதழில் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் போராட்டச் செய்திகளில் மூழ்கியிருந்தார்.

"ஏன்னா, நான் பண்றதுல உப்பு எப்பவாவது கூடியிருக்கோ?"

"பிரசாதத்துக்குக் குத்தம் சொல்லப்படாது" என்றார், பேப்பரைத் தாழ்த்தாமல்.

"நேராச் சொல்லுங்கோ."

"சில நாள் கூடும். அன்னிக்கு மோர் ஜாஸ்தி விட்டுப்பேன்."

"மத்த நாள்?"

"மத்த நாள் உப்பே இருக்காது."

"அப்ப ஆபீசுக்கு எடுத்துண்டு போற சாப்பாடு?"

பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "மேஜை டிராயர்ல ஒரு உப்புப் பொட்டலம் வச்சிருக்கேன்."

சமைப்பவள் ருசி பார்க்கக் கூடாது; சாப்பிடுகிறவர்கள் குறை சொல்லக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கு நடுவில்தான் என் பதினெட்டு வருஷ சர்வீஸ் வளர்ந்திருக்கிறது. ஒரு நாள்கூடத் தோற்காததற்குக் காரணம், ஒரு நாள்கூடப் பரீட்சை நடக்கவில்லை என்பதுதான்.

மறுநாள் நான் அடுப்பு மூட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு நாள் போற்றி ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர், மூன்றாம் நாள் என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ ரெண்டு வருஷமும் படி. கமலா மெடிக்கல் காலேஜ் சேர்ற முதல் வருஷத்துக்கு நான் பாத்துக்கறேன். சாலைக் கடைத்தெருவுல ஒரு அரிசி மண்டிக்காரர் சாயங்காலம் கணக்கெழுத ஆள் கேட்டிண்டிருக்கார்."

"முடியாதுன்னேளே?"

"உண்மையச் சொல்லாததுக்கு அபராதம்னு வச்சுக்கோ. நான் அன்னிக்கே வாயத் திறந்திருந்தா நீ அங்க போய் நின்னிருப்பியா?"

அப்படியே நடந்தது. நான் ஜெயித்திருந்தால் அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். கோட்டைப் பள்ளி வேலை வேறொருத்திக்குப் போயிற்று. நான் கமலா வயதுப் பெண்களோடு முதல் வருஷத்தில் உட்கார்ந்து, சமைக்கும்போதே ருசி பார்க்கப் படித்தேன். முதலில் ஒரு துளி சுவாமிக்கென்று எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் நாக்கில் விடுவேன். டிப்ளமா முடித்ததும் வேறொரு பள்ளியில் வேலை கிடைத்தது. வகுப்பில் பொடியுப்பு ஜாடியை இன்றைக்கும் நான் பூட்டித்தான் வைக்கிறேன். மாணவிகள் அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் இப்போது யார் எந்த அனுபவத்தைப் பற்றிப் பெருமை அடித்தாலும் ஒரே கேள்விதான்: "யாராவது சாப்பிட்டுப் பாத்தாளோ?" மேலதிகாரி, ஜோசியர், மேளக்காரர் எவரும் இதற்குத் தப்பியதில்லை.

கமலா இப்போது மருத்துவப் படிப்பில் கடைசி வருஷம். சென்ற தை மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு, "பையனுக்கு பாங்கில ஏழு வருஷ சர்வீஸ். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது" என்றார்.

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த கமலாவின் குரல், கூடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது: "யாராவது சாப்பிட்டுப் பாத்தாளோ?"

என் கணவருக்குப் புரையேறியது. வந்தவர்கள் போய்ப் பதில் போடுகிறோம் என்றார்கள், இதுவரை போடவில்லை. கமலாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "நமக்குச் சரியான இடமா இருந்தா அங்கயே சிரிச்சிருப்பாம்மா" என்கிறாள். ராத்திரி தூக்கம் வராமல் நானும் யோசித்துப் பார்க்கிறேன், அந்தப் பையனாவது லேசாகச் சிரித்தானா என்று. சொல்லத் தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவள் அதைத்தானே கவனித்திருக்க வேண்டும்? எப்படிக் கவனிப்பேன்? நான் அப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன்.