மணிவாசகம் முழுங்கின 'ப்'

மணிவாசகம் ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. சாதாரண முடிவு இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு, முகத்துல பாதி நுரையோட, இந்தத் தடவை ஜெர்மனியில இறங்கி கோட்டை பாக்காம விடறதில்லைன்னு சத்தியம் பண்ணிக்கிட்டாரு. சவரம் பண்ணாத பாதி முகம்கூட அதுக்குத் தலையாட்டிச்சு.

ஒலிம்பிக்ஸ் வரப்போகுதுன்னு மான்ட்ரியலையே தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. மணிவாசகம் பாலம் கட்டற கம்பெனியில இன்ஜினியர். பகல் பூரா கான்கிரீட்டோட மல்லுக்கட்டற மனுஷனுக்கு, கான்கிரீட்டே இல்லாம அத்தனை நூறு வருஷமா மலை உச்சியில நிக்கிற கல்லைப் பாக்கணும்னு ஒரு அரிப்பு. லைப்ரரியிலேர்ந்து படப் புஸ்தகமாக் கொண்டு வந்து புரட்டுவாரு. ரைன் ஆத்து ஓரமா வளைவுக்கு வளைவு ஒரு கோட்டை. பாதி இடிஞ்சது, முக்கால் இடிஞ்சது, இடியலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு நிக்கிறது. அவ்வளவு கல்லை எப்படி மேல ஏத்தினான்? தண்ணிக்கு என்ன பண்ணினான்? ராத்திரி வயித்தைக் கலக்கினா ராஜா எங்க ஓடினாரு? ராஜாவோட மூக்கைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதின புஸ்தகம் இதுக்கு மட்டும் வாயைத் திறக்கலை.

தீபாவளிக்கு மெட்ராஸ் போக டிக்கெட் போட்டாச்சு. ஃபிராங்க்ஃபர்ட்ல விமானம் மாறணும். அங்கேயே நாலு நாள் இறங்கிட்டுப் போலாம். சரளா சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்.

சரளா அவர் சம்சாரம். வீட்டுல உள்துறை, வெளித்துறை, நிதி மூணும் அந்தம்மாகிட்ட. மணிவாசகத்துக்கு இலாகா இல்லாத மந்திரி பதவி. போன வருஷமே மனு போட்டுப் பாத்தாரு. இடிஞ்ச சுவரைப் பாக்க ஜெர்மனி எதுக்கு, நம்ம குளியலறைச் சுவரைப் பாருங்க, டிக்கெட்டே வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

சரளாவுக்கு வேண்டியது வேற. கோட்டு. மான்ட்ரியல்ல வில்லரேங்கிற பேட்டையில அவங்க குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழ் வீட்டுல வீட்டுக்காரம்மா மதாம் லபோந்தே. அந்த மதாம், செத்துப் போன தன் அக்காவோட கோட்டைக் குடுத்திருந்தாங்க. அக்கா நல்ல ஆகிருதி போலிருக்கு. சரளா அதைப் போட்டுக்கிட்டா, உள்ள ஆள் இருக்கான்னு தட்டிப் பாத்துட்டுத்தான் பேசணும். ஜான்-டலோன் சந்தையில கத்திரிக்காய் விக்கிற இத்தாலிக்காரர் ஒரு நாள் பின்னாலேர்ந்து "போன்ஜூர், முஸ்யே"ன்னு, அதாவது வணக்கம் ஐயான்னு கூப்பிட்டுட்டாரு. அன்னிக்கு ஆரம்பிச்ச கோட்டுப் பேச்சு. மணிவாசகமும் பாக்கலாம் பாக்கலாம்னு குளிர்காலத்தை ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே வந்தாரு.

இப்ப சவரக் கத்தியோட நிக்கும்போதுதான் மண்டையில அந்தப் பொறி விழுந்தது. குளிருக்குப் போட்டுக்கறது கோட்டு. கடைக்குப் போனா கோட்டைப் பாக்கறோம். ராஜா கட்டினது கோட்டை. மலை ஏறினா கோட்டை பாக்கறோம். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது ஒரே ஒரு 'ப்'. அந்த 'ப்'பை மென்னு முழுங்கிட்டா எந்தப் பண்டிதனுக்குத் தெரியப் போகுது?

அன்னிக்கு ராத்திரி ரசம் சாதத்துல வெச்சாரு வெடியை.

"சரளா, போற வழியில நாலு நாள் ஜெர்மனியில இறங்கி, கோட்டை பாக்கலாமா?"

ரசக் கரண்டி அந்தரத்துல நின்னுச்சு.

"நிஜமாவாங்க?"

"நிஜமாத்தான். ஒண்ணோட நிக்க வேணாம். எத்தனை வேணும்னாலும் பாரு."

"பழசு கிழசு காட்டி ஏமாத்த மாட்டீங்களே?"

மணிவாசகத்துக்குப் புரை ஏறிச்சு. தலையைத் தட்டிக்கிட்டு, தரமா இருக்கும், கல்லு மாதிரி உழைக்கும்னு சொன்னாரு.

"குளிர் தாங்குமா?"

"அது பாக்காத குளிராம்மா."

சரளா இன்னொரு கரண்டி ரசம் ஊத்தினாங்க. கேக்காமயே.

மறுநாள் ஆபீஸ்லேர்ந்தே ஊருக்கு வெளியே கர்க்லாண்டுல இருக்கிற சிநேகிதர் டாக்டர் சந்திரமௌலிக்கு ஃபோன் போட்டு, நடந்ததை நடிச்சே காட்டினாரு. டாக்டர் பயந்த சுபாவம்.

"ஓய், அங்க போய் நிக்கறச்சே அவ கேட்டா என்ன சொல்லுவீர்?"

"நான் பொய்யா சொன்னேன் டாக்டர்? கோட்டைன்னேன். கோட்டையைக் காட்டப் போறேன். கோர்ட்டுக்குப் போனாலும் கேஸ் நிக்காது."

"கேஸ் நிக்காது. நீர் நிப்பீரான்னு பாத்துக்கும்" அப்படீன்னு ஃபோனை வெச்சுட்டாரு டாக்டர்.

கிளம்பற அன்னிக்கு டாக்ஸி வாசல்ல நிக்குது. மாடி வீட்டுலேர்ந்து வெளிப்பக்கமா சுத்திச் சுத்தி இறங்கற இரும்புப் படியில சரளா இறங்கி வராங்க. பட்டுப் புடவை, மேல ஒரு மெல்லிசு ஸ்வெட்டர். அவ்வளவுதான். கோட்டு எங்கன்னு கேட்டாரு மணிவாசகம். மதாம்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன், அதான் நல்லதாப் பாக்கப் போறோமேன்னு சிரிச்சாங்க சரளா. மணிவாசகத்துக்கு ஏதோ ஜில்லுன்னுச்சு. டாக்ஸிக் கதவு திறந்திருக்கு, அதான் காத்துன்னு நினைச்சுக்கிட்டாரு.

ஜெர்மனி வந்தாச்சு. ரைன் ஆத்தங்கரையில ஒரு சின்ன ஊர்ல பஸ் இறக்கி விட்டுட்டுப் போயிடுச்சு. ஆத்துமேல பனி மூட்டம். மலைப்பாதையில ஏறினாங்க. கடைசித் திருப்பத்துல மேகம் விலகினா, அப்பா! கோபுரம் ஒண்ணு வானத்தைக் குத்திக்கிட்டு நிக்குது. பக்கத்துல இடிஞ்ச சுவர், அதுல ஜன்னல் இருந்த இடத்துல ஆகாசம்.

"சரளா, இதான் கோட்டை"ன்னு சொல்லிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டாரு மணிவாசகம். திட்டு எந்தப் பக்கம் விழும்னு தெரியலையே.

சரளா அண்ணாந்து பாத்தாங்க. மெதுவா, அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் பாத்தாங்க.

"பெரிசாத்தான் இருக்கு. சரி, கோட்டைக் குடுங்க."

"என்னது?"

"உங்க கோட்டைங்க. எனக்குக் குளிருதில்ல?"

கழட்டிக் குடுத்தாரு. வேற வழி? காத்து மணிவாசகத்தோட சட்டைக்குள்ள பூந்து குடும்பமே நடத்த ஆரம்பிச்சது.

சுத்திக் காட்ட ஒரு குண்டு மனுஷர் வந்தாரு. இடுப்புல சாவிக்கொத்து, மீசையில பாதி ஜெர்மனி. அவர் இங்கிலீஷ் மூணு வார்த்தையிலயும், மிச்சம் கை ஜாடையிலயுமா ஓடிச்சு. "யா யா, ப்ளீஸ், யுவர் ஹெட்." தலை இடிக்காம குனியணுமாம். மணிவாசகம் குனிஞ்சவர் நிமிரவே இல்லை. குளிர் அப்படியே மடிச்சு வெச்சிடுச்சு.

ஆனா சரளாவைப் பாக்கணுமே. சுழல் படி வந்ததும் நம்ம வில்லரே படிதானேன்னு விறுவிறுன்னு ஏறிட்டாங்க. சுவர்ல வெளியே துருத்திக்கிட்டு ஒரு கல் கூண்டு இருந்தது. அது என்னன்னு கேட்டாங்க. குண்டு மனுஷருக்கு முகம் சிவந்து போச்சு. அது வந்து, ராஜாவோட கக்கூஸு.

சரளா அதுக்கு அடியில இருந்த ஓட்டை வழியா எட்டிப் பாத்தாங்க. "கீழ என்ன இருக்கு?"

"அகழி, மேடம்."

"எதிரி அதுலதானே நீந்தி வருவான்?"

"யா."

"பாவம் எதிரி."

குண்டு மனுஷர் சிரிச்ச சிரிப்புல கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துடுச்சு. அதுக்கப்புறம் மனுஷர் சரளாவுக்குன்னே பூட்டின கதவையெல்லாம் திறக்க ஆரம்பிச்சாரு. கரி பிடிச்ச அடுப்பங்கரையில, இந்தப் புகையில நின்னது ஆம்பிளையா பொம்பிளையா, பாத்திரம் யார் தேச்சாங்கன்னு கேட்டாங்க. இதுவரைக்கும் எவனும் இதைக் கேட்டதில்லைன்னு தொப்பியையே கழட்டிட்டாரு. முத்தத்துக் கிணத்துல ஒரு குவளைத் தண்ணியை ஊத்திட்டு, உதட்டுல விரல் வெச்சாரு. எல்லாரும் மூச்சைப் பிடிச்சு நின்னாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, பாதாளத்துலேர்ந்து 'ளொக்'னு ஒரு சத்தம். சரளா கண்ணு ரெண்டும் விரிஞ்சு போச்சு. இன்னொரு தடவை ஊத்துங்கன்னாங்க, சின்னப் பொண்ணு மாதிரி.

மணிவாசகம் வருஷக் கணக்கா ஊறப் போட்டு வெச்சிருந்த கேள்வி எல்லாத்துக்கும் அங்க பதில் கிடைச்சது. சரளாவுக்குக் கிடைச்சது. மணிவாசகம் காதுல அவர் பல்லு போட்ட தாளம்தான் விழுந்தது. கிணத்துச் சத்தத்தைக்கூட, யாரோ இருமறாங்கன்னு நினைச்சாரு.

"போதும் சரளா. கீழ போயி கடையில ஒரு கோட்டை வாங்கிடலாம்."

"வாங்கறதா? பாக்கலாம்னுதானே கூட்டிட்டு வந்தீங்க? எத்தனை வேணும்னாலும் பாருன்னீங்க. அதோ, எதிர்க்கரை உச்சியில ஒண்ணு தெரியுது பாருங்க."

அதையும் பாத்தாங்க. மறுநாள் இன்னும் ரெண்டு. அவர் கோட்டுக்குள்ள கதகதப்பா சரளா முன்னாடி போறாங்க. பின்னாடி, ஹோட்டல் துண்டைக் கழுத்துல சுத்திக்கிட்டு, கோட்டைக்கு ஒரு டஜன் தும்மல் வீதம் மணிவாசகம். மூணாம் நாள் காலையில ஊர் நடுவுல ஒரு துணிக்கடை முன்னாடி நின்னுட்டாரு. நகர மாட்டேன்னுட்டாரு.

"உன் கால்ல வேணா விழறேன். உள்ள வா. எது புடிக்குதோ எடுத்துக்க. என் கோட்டை மட்டும் குடுத்துடு."

சரளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்தது. அப்பத்தான் மணிவாசகத்துக்கு உறைச்சது.

"உனக்கு எப்பத் தெரியும்?" மூக்கைச் சீந்திக்கிட்டே கேட்டாரு.

"பெட்டி அடுக்கும்போதே. கோட்டுக் கடைக்குப் போறவங்க யாராவது பைனாகுலர் எடுத்து வைப்பாங்களாங்க?"

உள்ள போனாங்க. கரும்பச்சைக் கம்பளியில, கொம்புப் பொத்தான் வெச்சு, அளவெடுத்துத் தெச்ச மாதிரி ஒரு கோட்டு. கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. நல்லா இருக்கான்னு கேட்டாங்க. ராணி மாதிரி இருக்கேன்னாரு. நிஜமாவே சொன்னாரு. சொல்லிட்டு, ஆணியில தொங்கின தன் கோட்டை எடுக்கப் பாஞ்சாரு.

அதுக்குள்ள சரளா கரும்பச்சையைக் கழட்டிக் கடைக்காரம்மாகிட்ட குடுத்தாச்சு. அந்தம்மா மெல்லிசுக் காகிதம் சுத்தி அட்டைப் பெட்டியில படுக்க வெச்சுட்டாங்க. ஆணியில இருந்தது மறுபடி சரளா மேல ஏறிடுச்சு.

"ஏம்மா, அதைப் போட்டுக்கலையா?"

"புதுக்கோட்டையா? மலை ஏறவா? மான்ட்ரியல் போயித்தான் பிரிக்கணும். கசங்காம நீங்களே பிடிச்சுட்டு வாங்க. மத்தியானம் ஒரு கோட்டை பாக்கி இருக்கு."

பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு மணிவாசகம். அப்படீன்னா தனக்கும் இங்கேயே ஒரு கோட்டு எடுத்துக்கட்டுமான்னு கேட்டாரு.

சரளா கழுத்து வரைக்கும் பொத்தானைப் போட்டுக்கிட்டே, அவரை ஏற இறங்கப் பாத்தாங்க.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே."