இறங்காத பாக்கியும் உங்கள் கடைப் பத்திரமும்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். வங்கியின் கடன் பிரிவு எழுத்தரம்மா இன்று காலை பதினொன்றே காலுக்கு வாய்மொழியாகத் தெரிவித்தபடி, என் வீட்டுக்கடன் பாக்கி ஒரு லட்சத்து முந்நூற்று நாற்பது. போன மாதமும் அதுதான். அதற்கு முந்தைய பதின்மூன்று மாதங்களும் அதுதான். மற்றபடி நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

பாக்கி ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் எனக்காக நீங்கள் ஈடு வைத்த கடைப் பத்திரம் திரும்பும் என்பதும், கடையை வாங்க வந்தவர் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்று நேரில் போய், "மாசாமாசம் கட்டுறேனே, ஏம்மா குறையல?" என்று கேட்டேன். அந்தம்மா கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "வட்டி போக அசல்ல அறுநூறு குறையுது சார். அப்புறம் நீங்க கேட்டு வாங்குற கணக்கு அறிக்கைக்கு இருநூறு. அதையே பதிவுத் தபால்லயும் அனுப்பச் சொல்றீங்க, அதுக்கு இருநூத்தம்பது. பத்திரம் பெட்டகத்துல இருக்கான்னு எட்டிப் பார்க்க நூத்தம்பது. மொத்தம் அறுநூறும் கடன்லயே ஏறிடுது" என்றார். நான் முப்பத்திரண்டு வருடம் நிருபராக இருந்தவன், இரண்டு இடத்தில் உறுதியாகாத எதையும் நம்பியதில்லை என்று விளக்கினேன். "ரெண்டையும் நாங்கதானே சார் அனுப்புறோம்?" என்றார். எந்த ஆசிரியரும் என்னை அப்படி மடக்கியதில்லை. கடைசியாகப் பாக்கி குறைந்தது, கண் ஆபரேஷன் என்று தவணையை உங்கள் தங்கையிடம் கொடுத்தனுப்பிவிட்டு நான் வங்கிப் பக்கமே போகாத மாதமாம். வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் வேறு, "பெரியவரே, இன்னொரு கண்ணுக்கும் பண்ணிக்குங்க, கடன் தீர்ந்துடும்" என்றார். வங்கியே சிரித்தது. காவலாளி உட்பட.

மேலாளர் வெளியே வந்து, "தவணையை மட்டும் கட்டுங்க. ஒண்ணும் கேக்காதீங்க. திங்கட்கிழமை பத்திரத்தைக் கையில கொடுத்துடுறேன்" என்றார். கட்டினேன். பாக்கி தொண்ணூற்றொன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது!

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் தங்கை, "உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டு வர்ற மனுஷன்! எங்கண்ணன் கடையிலயா உங்க விசாரணையை வச்சுக்கிட்டீங்க?" என்றாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. சிரிப்பா அழுகையா என்பது உறுதியாகவில்லை.

ஆகவே கவலையை விடுங்கள். வாங்குபவரிடம் தைரியமாகப் பேசுங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவர்

பி.கு.: கடிதத்தை மடித்த பிறகுதான் உறைத்தது. பாக்கி இறங்கியதாகச் சொன்னது மேலாளர் என்ற ஒரே ஒரு ஆள். உங்கள் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தை ஒரு வாய்ச்சொல்லை நம்பி எழுதலாமா? மூன்றரை மணிக்குத் திரும்பப் போய் அறிக்கையும், தபால் நகலும் கேட்டு, பத்திரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டேன். பத்திரமாக இருக்கிறது. பாக்கி இப்போது எழுத்துமூலமாக, முத்திரையுடன், ஒரு லட்சத்து முந்நூற்று நாற்பது. தபால் நகல் வியாழக்கிழமை வரும். அடுத்த தவணை ஐந்தாம் தேதி. அதுவரை வங்கி வாசலை மிதிக்கக் கூடாது என்று மேலாளர் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வாங்குபவரை ஆறாம் தேதி வரை பொறுக்கச் சொல்லுங்கள். சம்மதித்தால் எழுதுங்கள், அவரையும் தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.