கோணல் தையல் பிரிவு

வீட்டையும் தொழிலையும் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையின் மேல், ஒரே ஆளின் தலையில் வெற்றிகரமாக நடத்திக் காட்டிய பெருமை மனிதகுல வரலாற்றில் எம்.டி. ஒருவரையே சேரும். இது முகஸ்துதி இல்லை. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவருடையது துணி முயல் பொம்மைகள் செய்யும் குடும்ப நிறுவனம். எல்லாம் கையால் செய்வது. மெஷின் வாடையே கிடையாது. ஆரம்பத்தில் அவர் மனைவி பொழுதுபோக்காக அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் காசு கொடுத்தே கேட்க ஆரம்பித்தார்கள். மனைவி தனியாகக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல், அவளுக்கு உதவுவதற்காகவே எம்.டி. தாம் பார்த்துவந்த ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்தார். உதவியின் முதல் கட்டமாக அவளுக்கு ஒரு முதலாளியை ஏற்படுத்திக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மனைவிக்குப் பெயர் 'உற்பத்திப் பிரிவு'. துணி வெட்டுவது, தைப்பது, பஞ்சு அடைப்பது, கண்ணுக்குப் பொத்தான் வைப்பது எல்லாம் அந்தப் பிரிவின் பொறுப்பு. சமையல், பாத்திரம், துணி துவைப்பது, வீடு பெருக்குவது முதலியவை 'குடும்பம்' என்ற தலைப்பின் கீழ் வருவதால் நிறுவனம் அவற்றில் தலையிடுவதில்லை. அவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போகும் மகள் 'விற்பனைப் பிரிவு'. முயல்களைப் போனில் படம் எடுத்துப் போடுவதும், வருகிற ஆர்டரை அம்மாவிடம் படித்துக் காட்டுவதும் அவள் வேலை.

எம்.டி.யின் தாயாருக்குத் 'தரக்கட்டுப்பாடு'. சொந்த அம்மா என்பதற்காகக் கொடுத்த பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருமகள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவள் செய்யும் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்து வந்த நீண்ட அனுபவம் அந்த அம்மாளுக்கு இருந்தது. எம்.டி. அதற்கு ஒரு பெயர் மட்டும்தான் வைத்தார்.

எம்.டி. அனைத்தையும் 'ஒருங்கிணைப்பார்'. அது லேசுப்பட்ட வேலை அல்ல. காலை முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. யார் யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், டீ எப்போது வரும் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இப்படி ஜாம்ஜாமென்று நடந்துகொண்டிருந்த நிறுவனத்தில், ஒருநாள் உற்பத்திப் பிரிவு லீவு கேட்டது.

வேறு ஊரில் தனியாக இருக்கும் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஏற்கெனவே ஒருமுறை துணைக்கு ஆளில்லாமல் தள்ளிப்போட்டது. இனித் தள்ளக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கண்ணில் கட்டோடு அம்மா தண்ணீர் டம்ளரைத் தடவித் தேடுகிற மாதிரி அவளுக்கு அடிக்கடி மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் அவள் எம்.டி.யிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

எம்.டி. நிதானம் இழக்கவில்லை. பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் எதையும் இரண்டு கோணத்தில் பார்ப்பார்கள்.

"புருஷன்ங்கிற முறையில சொல்றேன், நீ தாராளமாப் போயிட்டு வா. பெத்த தாய். ஆனா எம்.டி.ங்கிற முறையில, இவ்வளவு ஆர்டரை வெச்சுக்கிட்டு உன்னை அனுப்ப முடியாது."

"அப்ப எம்.டி. கிட்ட நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"சொல்லிப் பாத்தேன். ஒத்துக்கல."

அவள் மடியில் இருந்த முயலுக்குப் பஞ்சை அடைத்தாள். அது கொஞ்சம் விறைப்பாகவே வந்தது. எம்.டி.க்கு மனசு கேட்கவில்லை. இது குடும்பத் தொழில், குடும்பத்திலிருந்து யாராவது லீவு எடுப்பார்களா என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அப்படியானால் அம்மாவைப் பார்ப்பதும் குடும்ப விஷயம்தானே என்று அவள் கேட்டாள். தொழில் நேரத்தில் குடும்ப விஷயம் பேசக்கூடாது என்று அவர் கண்டித்தார்.

இந்த விவகாரம் ஆறுவதற்குள் பெரிய இடி ஒன்று இறங்கியது. வாங்கிப் போன ஒருவர் முயலைத் திருப்பி அனுப்பிவிட்டார். தையல் இழுத்துப் பிடித்த கோடு மாதிரி நேராக இருக்கிறது, இது கட்டாயம் மெஷினில் அடித்தது, கையால் செய்தது என்று சொல்லி ஏமாற்றுகிறீர்கள் என்று எழுதியிருந்தார். அவர் எழுதியதைப் பார்த்து, வாங்காத நாலு பேரும் ஏமாந்துவிட்டதாக எழுதினார்கள்.

எம்.டி. உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டத்துக்கு வசதியாக உற்பத்திப் பிரிவு மேசையிலிருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தது. திரும்பி வந்த முயல் நடுவில் வைக்கப்பட்டது. தரக்கட்டுப்பாடு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதைக் கையிலெடுத்தது. தாயார் முயலின் காதைப் பிரித்துப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். தையலை நகத்தால் நெருடினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரு குறையும் இல்லியேடா" என்றார் தளர்ந்த குரலில்.

மாமியார் வாயிலிருந்து மருமகளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நிறுவனம் அதைப் புகாராக ஏற்றுக்கொண்டது. இனிமேல் ஒவ்வொரு முயலிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கோணல் இருந்தே ஆக வேண்டும், அதுதான் 'கைவேலையின் முத்திரை' என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஏதும் இல்லை. எதிர்க்க வேண்டிய ஆள் அடுப்பில் பாலைப் பார்க்கப் போயிருந்தாள்.

தீர்மானம் போடுவது சுலபம். கோணலாகத் தைப்பது அவளுக்கு வரவில்லை. இரண்டு தையல் கோணலாகப் போடுவாள். மூன்றாவது தானாகவே நேர்க்கோட்டுக்கு வந்து சேரும். பேச்சு மும்முரத்தில் கவனிக்காமல் இருந்தால், கை முதல் இரண்டையும் பிரித்துச் சரியாகப் போட்டு வைத்திருக்கும். கை சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது என்று ஒப்புக்கொண்டாள். மனசு வைத்தால் மனிதனால் ஆகாதது இல்லை என்று எம்.டி. ஒரு சிற்றுரை ஆற்றினார். ஆற்றியதோடு நிற்காமல், எப்படி என்று காட்டுவதற்காக ஊசியையும் வாங்கிக்கொண்டார்.

வாழ்நாளில் ஊசியைத் தொடாத கை. காதில் புறப்பட்ட தையல் கழுத்து வழியாக இறங்கி, வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதுகில் போய் முடிச்சாக நின்றது. ஒரு காது முன்னால் பார்த்தது. இன்னொரு காது, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பியிருந்தது. தாயார் அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் மருமகளைத் திட்ட வாயெடுத்தார். மகன் தைத்தது என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, என்ன உயிரோட்டம் பார் என்றார்.

மகள் படம் எடுத்துப் போட்டாள். பாராட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தையலிலும் அன்பு தெரிகிறது என்றார் ஒருவர். இந்த இதயம் எந்த மெஷினுக்கு வரும் என்று உருகினார் இன்னொருவர். எல்லாருக்கும் கோணல் முயல்தான் வேண்டுமாம். நாட்டில் அந்தத் திறமை எம்.டி. ஒருவரிடம்தான் இருந்தது. ஆகவே 'கோணல் தையல் பிரிவு' என்ற புதிய பிரிவு தொடங்கப்பட்டு, வேறு வழியில்லாமல் அவரே அதன் ஒரே தொழிலாளி ஆனார்.

நிறுவனத்தின் பொற்காலம் அப்போதுதான் பிறந்தது. அதுவரை அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்தறியாத தொழிலாளர் நலத் திட்டங்கள் எல்லாம் வரிசையில் நின்று உள்ளே வந்தன. விரலில் ஊசி குத்திய அன்றே, உற்பத்தியில் ஈடுபடுவோருக்கு அடிக்கடி டீ கொடுக்கப்பட வேண்டும் என்று உத்தரவானது. டீயை அவள் போட்டாள். முதுகுக்கு மெத்தை வந்தது. மின்விசிறி அவர் பக்கம் திரும்பியது. மதியம் கட்டாயத் தூக்கம். உழைத்துக் களைத்தவரைக் கடைக்கு அனுப்புவது மனிதாபிமானமற்ற செயல் என்று அறிவிக்கப்பட்டதால் கடைக்கும் அவளே போனாள். இத்தனை சீர்திருத்தங்களையும் எந்தப் போராட்டமும் இல்லாமல் கொண்டுவந்த நிர்வாகம் உலகில் வேறெங்காவது உண்டா என்பது சந்தேகமே.

அப்படியும் கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஒருநாள் முற்பகலில் எம்.டி. பாதி முயலை மேசையில் வைத்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி பேசினார். தொழிலாளியைக் கசக்கிப் பிழிவதில் தமக்கு உடன்பாடு இல்லை என்றார். உழைப்பவனும் மனுஷன்தானே என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. ஒரு வாரம் கம்பெனிக்கு லீவு என்று முடித்தார்.

பொத்தான் வைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிர்ந்தாள்.

"மொத்தக் கம்பெனிக்குமா?"

"மொத்தத்துக்கும்தான்."

"அப்ப எம்.டி. ஒத்துக்கிட்டாரு. புருஷன்தான் அன்னிக்கே ஒத்துக்கிட்டாரே."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளே போய் நாலு புடவையைப் பையில் திணித்தாள். மாமியாரின் மாத்திரை எங்கே இருக்கிறது என்பதை மகளிடம் சொன்னாள். மதிய பஸ் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் அப்படி விடுவிடென்று நடந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவள் மனசு பூராவும் அம்மாதான் இருந்தாள். எம்.டி. அவ்வளவு நேரமும் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

மறுநாளே ஒரு நிர்வாகச் சிக்கல் தலைகாட்டியது. கம்பெனிக்கு லீவு விட்டதில் பசிக்கும் அழுக்குத் துணிக்கும் லீவு விட விட்டுப்போயிருந்தது. எம்.டி. சமைத்தார். தாயார் ஒரு வாய் எடுத்து வைத்தார். இழந்திருந்த திறமை முழுசாகத் திரும்பி வந்தது. உப்பில் ஆரம்பித்து, அரிசி வேகாதது வழியாக, மகன் வளர்ந்த விதம் வரைக்கும் குறை கண்டுபிடித்துக்கொண்டே போனார். அதற்குள் ஆர்டர் கொடுத்தவர்கள் முயல் எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கோணலாகத் தைக்க ஆள் இருந்தது. வெட்டவும் அடைக்கவும் ஆள் இல்லை.

தற்காலிக உதவிக்கு ஆள் தேவை என்று தெருமுனைக் கடையில் சொல்லி வைத்தார். தையல் தெரிந்த ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன வேலை என்று விசாரித்தாள்.

எம்.டி. விவரித்தார். துணி வெட்டி, பஞ்சு அடைத்து, பொத்தான் வைக்க வேண்டும். இடையிடையே சமையலையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். டீ தனி. துவைக்கிற துணி கொஞ்சம்தான் இருக்கும். அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை. சாயங்காலம் பார்சல் கட்ட வேண்டும்.

அந்தப் பெண்மணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். வேலை நேரம் என்ன என்றாள். வீட்டு வேலைக்கு ஏது நேரம் என்றார் எம்.டி. லீவு உண்டா என்றாள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு லீவு எதற்கு என்றார். சம்பளம் எவ்வளவு என்றாள்.

எம்.டி.யின் முகத்தில் கருணை ததும்பியது.

"சம்பளம் கிம்பளம்னெல்லாம் பிரிச்சுப் பேசுற வழக்கமே இங்க இல்லீங்க. உங்கள வேலைக்காரியா நடத்த மாட்டோம். எங்க வீட்டுப் பொம்பளையாத்தான் நடத்துவோம்."

அவள் எழுந்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மேசைமேல் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"எங்க வீட்டுலயும் என்னை அப்படித்தான் சார் நடத்துறாங்க. அதனாலதான் வெளிய வேலை தேடுறேன்."