நாலு பேர் ஏறும் லிஃப்ட்

மணி அடித்தது. லிஃப்டுக்குள் இருந்த மூன்று பேரும், நாலாவதாக ஏறிய சோபாக்காரரின் வயிற்றைப் பார்த்தார்கள்.

அந்தக் குடியிருப்புக்கு ஐந்து மாடி, ஒரே ஒரு சின்ன லிஃப்ட். உள்ளே 'நாலு பேர் மட்டும்' என்று எழுதியிருக்கும். எந்த மாதிரி நாலு பேர் என்று எழுதவில்லை, அங்கேதான் தகராறு.

"யாராவது ஒருத்தர் இறங்கணும்," என்றார் செகரட்டரி. பொதுவாகத்தான் சொன்னார். கண் மட்டும் அந்த வயிற்றை விட்டு நகரவில்லை.

சோபாக்காரர் சோபா தைத்து விற்பவர். ஆளும் அவர் தைத்த சரக்கு மாதிரியே நாலு பக்கமும் மெத்தென்று இருப்பார். கோபம் என்பது அவருக்குத் தைக்கத் தெரியாத ஒரு சாமான்.

"நான் படியில வரேன் சார். உங்க காலடியில இருக்கற அந்த ரெண்டு தண்ணி கேனையும் குடுங்க. நானும் அஞ்சாவது மாடிதானே, கொண்டாந்து வெச்சிடறேன்."

பெரிய கேன்கள் இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கினார். மணி நின்றது.

"பாத்தீங்களா டீச்சர்?" என்று செகரட்டரி மூன்றாவது மாடி டியூஷன் டீச்சரிடம் திரும்பினார். "மெஷின் பொய் சொல்லாது."

"எதுக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாமே சார்?"

"வியாதி லிஃப்டுக்கு இல்ல டீச்சர், வாய்க்கு. மெக்கானிக் வந்து யார் வாயைக் கழட்டுவான்?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "வாயைக் கழட்டறதா இருந்தா எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு," என்றாள். செகரட்டரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர் அவர். ஆளைப் பார்த்ததும் எத்தனை வருஷம் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போடும் பழக்கம் ரிட்டயர் ஆகியும் போகவில்லை. ஆள் ஒல்லி. ஒல்லிகளில் இரண்டு ரகம் உண்டு. சும்மா இருக்கும் ஒல்லி, சொல்லிக் காட்டும் ஒல்லி. செகரட்டரி இரண்டாவது ரகம். கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டை இன்னும் போடுகிறார். போடுவதோடு விட்டால் பரவாயில்லை, வழியில் போகிறவரை நிறுத்தி இடுப்பைத் திருகிக் காட்டுவார்.

பாவம், அவரையும் குறை சொல்வதற்கில்லை. ஆபீஸ் போய்விட்டது, பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், தலைமுடி அதற்கு முன்பே போய்விட்டது. கையில் மிச்சம் இருந்தவை இரண்டுதான்: செகரட்டரி பதவியும் அந்தப் பேன்ட்டும். பதவிக்கு மாதக் கடைசியில் தேர்தல். லிஃப்ட் தகராறைத் தீர்த்துவைத்தவர் என்ற பெயரோடு நின்றால் எதிர்த்து நிற்க ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டார்.

மறுவாரமே மூடிப்போன துணிக்கடை ஒன்றிலிருந்து தேக்குச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி வந்தது. அதை லிஃப்டின் இடது சுவரில் மாட்டச் சொல்லிவிட்டு செகரட்டரி காலை நடைக்குப் போனார். திரும்பி வந்து, அதன் நெற்றியில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: 'உங்கள் எடை உங்கள் பொறுப்பு.'

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"தினம் நாலு தடவை தன் உடம்பைத் தானே பாத்தா வெட்கம் வரும். வெட்கம் வந்தா வாய் மூடும். வாய் மூடினா வயிறு குறையும்."

"அதைப் பாக்கத்தான் வீட்டுல கண்ணாடி இருக்கே?"

"வீட்டுல பாக்கறப்ப பக்கத்துல நாலு பேர் இருக்க மாட்டாங்க இல்ல? அதான் இங்க."

கண்ணாடியில் முதலில் மாட்டியது டியூஷன் டீச்சர். செகரட்டரி, அவர் மனைவி, டீச்சர் என்று மூன்றே பேர் ஏறினார்கள். மணி அடித்தது. சோபாக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் செகரட்டரி டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பார்வை?"

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உக்காந்தே செய்யற வேலை உங்களுக்கு. பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறப்ப நின்னுகிட்டே சொல்லிக் குடுத்தா..."

"மூணு பேர் இருக்கோம். எழுதியிருக்கறது நாலு பேர். இந்தக் கணக்கை நின்னுகிட்டுப் போட்டாலும் உக்காந்து போட்டாலும் ஒரே விடைதான் வரும்," என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கிப் படியைப் பார்த்து நடந்தாள். செருப்புச் சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

ஓர் ஓட்டு போய்விட்டது என்று செகரட்டரிக்குப் புரிந்தது. ஆனால் போட்ட மருந்து போதவில்லை, இன்னும் கொஞ்சம் போட வேண்டும் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். "ஒரு பக்கம் மட்டும் பாத்தா மனுஷன் தன்னைத்தானே ஏமாத்திக்கறான். பின்பக்கமும் தெரியணும்." அதே துணிக்கடையிலிருந்து, அதன் ஜோடிக் கண்ணாடி வந்தது. வலது சுவரில் ஏறியது.

இப்போது இரண்டு பேர் ஏறினாலே மணி அடித்தது.

நாலாவது மாடியில் புதிதாகக் கல்யாணமான ஜோடி இருந்தது. அதுவரை கை கோத்தபடி வேலைக்குப் போனவர்கள். மணி அடித்த முதல் நாள், "நீ இறங்கு," "ஏன், நீ இறங்கு," என்று ஆரம்பித்தது. இரண்டாவது நாள் அவன், "கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி இல்லையே நீ," என்று வாயை விட்டான். அதற்கப்புறம் லிஃப்டில் அவள் மட்டும் போனாள். வீட்டிலும் அவள் இருந்த அறைக்குள் அவனுக்கு இடம் இல்லை என்று கேள்வி.

"உங்க லிஃப்டால எங்க குடும்பமே பிரியப்போகுது சார்," என்று பையன் வந்து நின்றான்.

"லிஃப்டால இல்லப்பா, கொழுப்பால," என்றார் செகரட்டரி. "யார் எத்தனை கிலோன்னு உண்மை தெரிஞ்சிட்டா சண்டைக்கே இடம் இல்ல பாரு."

உண்மை தெரிவதற்காக ஓர் எடை மெஷின் வந்தது. சாதாரண மெஷின் இல்லை. சிமென்ட் மூட்டை நிறுக்கும் கிடங்கில் இருந்த இரும்பு மெஷினை ஏலத்தில் எடுத்து லிஃப்டின் தரையில் பதித்தார்கள். பெரிய கடிகாரம் மாதிரி வட்டம், நடுவில் ஒரு முள். அந்த முள் எந்தக் காலத்திலோ துருப்பிடித்து எழுபத்திரண்டில் நின்றுவிட்டது. யார் ஏறினாலும் எழுபத்திரண்டு. யாருமே ஏறாவிட்டாலும் எழுபத்திரண்டு.

இது ஒருவருக்கும் தெரியவில்லை. எடையை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லையே! டியூஷன் டீச்சர் முள்ளைப் பார்த்து, பரவாயில்லையே நாம் என்று ரகசியமாகச் சிரித்துக்கொண்டாள். புதுப்பெண் அதே முள்ளைப் பார்த்து ரகசியமாக அழுதாள்.

செகரட்டரி காலை நடை முடிந்து, வெற்றிப் பெருமிதத்தோடு தனியாக லிஃப்டில் ஏறினார். மெஷின் மேல் நின்றார். மணி அடித்தது.

பின்னால் யாராவது ஏறிவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், ஒருவர் பின் ஒருவராக எண்ணிக்கை இல்லாத செகரட்டரிகள் நின்றார்கள். அத்தனை பேரும் ஒல்லி. அத்தனை பேர் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது. குனிந்து முள்ளைப் பார்த்தார். எழுபத்திரண்டு.

"இருக்காது," என்றார் செகரட்டரிகளிடம்.

செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். மணி அடித்தது. கையிலிருந்த பேப்பரைப் போட்டார். கடிகாரத்தைக் கழற்றினார். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, பர்ஸ். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையையும் கழற்றினார். கை பேன்ட் பொத்தானுக்குப் போன நேரம், வாசலில் டியூஷன் டீச்சர் வந்து நின்றாள்.

"இல்ல டீச்சர், எடை பாத்துகிட்டு இருந்தேன்..."

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்," என்று டீச்சர் படிப்பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியதை அவர் இரண்டு கண்ணாடியிலும் பார்த்தார்.

அன்று முதல் செகரட்டரிக்கு வெந்நீரும் வெள்ளரிக்காயும்தான். மனைவி தட்டை வைத்தால் தள்ளிவிடுவார்.

"என்னங்க இது? உங்க உடம்புல எலும்பைத் தவிர என்ன இருக்கு? எலும்பையா குறைக்கப்போறீங்க?"

"உள்ளுக்குள்ள இருக்கும். உனக்குத் தெரியாது. வெளிய காட்டாத கொழுப்புதான் மோசம்."

"பேன்ட் இடுப்புல நிக்கவே மாட்டேங்குதே?"

"துணி தளர்ந்துபோச்சு," என்றார். தன் பேன்ட்டையே சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டார் மனிதர்.

யார் ஏறினாலும் மணி அடித்ததால், குடியிருப்பு முழுவதும் படியேறியது. லிஃப்டில் நிம்மதியாகப் போய்வந்தது இரண்டாவது மாடிப் பூனை ஒன்றுதான். ஒருநாள் நாலாவது மாடித் திருப்பத்தில், செகரட்டரி கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து சோபாக்காரர் ஒரு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிவந்தார்.

"உக்காருங்க சார்," என்று நாற்காலியை இறக்கிப் போட்டார்.

செகரட்டரி உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும், "உங்களுக்கு... அந்த மணி அடிக்கறப்ப எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

சோபாக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சின்ன வயசுலேருந்து எங்க எந்த மணி அடிச்சாலும் எல்லாரும் என்னைத்தான் சார் பாப்பாங்க. ஒருதடவை சினிமா தியேட்டர்ல இன்டர்வெல் மணி அடிச்சதுக்கு நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். செகரட்டரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்பது அவர் பழகாத வேலை. வீட்டுக்குப் போனதும் அந்தத் துணிக்கடைக்காரருக்குப் போன் பண்ணி, பின்சுவருக்கு மூன்றாவது கண்ணாடி சொன்னார். இந்தத் தடவை தனக்காகவே சொன்னார்.

தேர்தல் கூட்டம் ஐந்தாவது மாடி நடையில் நடந்தது. ஏறி வந்த களைப்பில் எல்லோரும் சுவரில் சாய்ந்திருந்தார்கள். செகரட்டரி எழுந்தார். பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஒவ்வொருத்தர் உடம்புக்கும் அவங்கவங்கதான் பொறுப்பு. என்னையே எடுத்துக்கோங்க..."

எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. கண் சொருகி, அப்படியே மடங்கி விழுந்தார்.

"ஐயோ, என்னங்க!" என்று மனைவி அலறினாள். சோபாக்காரர் அவரை அள்ளி எடுத்து லிஃப்டுக்குள் போனார். மணி அடித்தது.

"நீங்க இறங்குங்க, அவரை மட்டும் விடுங்க!" என்று கூட்டம் கத்தியது.

சோபாக்காரர் அவரை உள்ளே கிடத்திவிட்டு வெளியே வந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மயக்கம் போட்டுக் கெடக்கற மனுஷனைக்கூட விடமாட்டேங்குதே இது!" என்றாள் டீச்சர். இத்தனை நாள் கோபமும் அவளுக்கு எங்கேயோ போய்விட்டது.

சோபாக்காரர் செகரட்டரியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து மாடியும் கடகடவென்று இறங்கிவிட்டார். மற்றவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தபோது, வாட்ச்மேன் நாற்காலியில் செகரட்டரி கண்ணைத் திறந்திருந்தார். டீச்சர் கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"என்னைத் தூக்கி... உங்களுக்கு எவ்வளவு சிரமம்..."

"என் சோபாவுல ஒரு திண்டு இதைவிடக் கனம் சார்," என்றார் சோபாக்காரர்.

செகரட்டரியின் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கியது.

"உங்களை நான் பாத்த பார்வைக்கெல்லாம் என்னை மன்னிச்சிடுங்க. நான் இனிமே செகரட்டரி இல்ல. தன் உடம்பையே அடக்கத் தெரியாதவன் லிஃப்டை எப்படி அடக்குவேன்? மணி என்னைக் கண்டுபிடிச்சிடுச்சு."

மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அப்போது வாசல் பக்கம் முக்கலும் முனகலும் கேட்டது. நாலு ஆட்கள், நரம்பு புடைக்க, மூன்றாவது கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மெதுவா, மெதுவா!" என்று சுவரோரம் இறக்கினார்கள். கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், இந்த ஒண்ணைத் தூக்கறதுக்கே நாலு பேருக்கு நாக்குத் தள்ளுது. இதே மாதிரி ரெண்டு கண்ணாடியையும் நீங்க போன்ல சொன்ன அந்த இரும்பு மெஷினையும் உள்ள வெச்சுகிட்டு, உங்க லிஃப்ட் அதுக்கு மேல ஆளையும் எப்படி சார் தாங்குது?"