பதுர்தீன் ஹாஜியார் பலாபத்வல நோக்கி நடந்த படலம்

வாழ்க பதுர்தீன்! மாத்தளைப் பெருநகரின் மிளகு மன்னர், கராம்புக் காவலர், சாதிக்காய்ச் சக்கரவர்த்தி, முன்னேறிச் செல்லும் தொந்திக்குப் பின்னே அடக்கமாய் நடந்துவரும் பெருந்தகை, ஹாஜியார் பதுர்தீன் நீடு வாழ்க! கண்டியிலே புறப்பட்டுக் காடும் மேடும் கடந்து யாழ்ப்பாணத்திலே போய் இளைப்பாறும் ஏ-ஒன்பது என்னும் நெடுஞ்சாலைத் தாயே, உன் கருமேனியின் மீது அவ்வீரர் தனியொருவராய் நின்று பொருத போரினை உரைக்கப் புகுந்தேன். ஒரு லொறிக்காரனும் குறுக்கே ஹோர்ன் அடிக்காமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர் எதனால் மூண்டது என்பீர்களோ? மண்ணாலும் மூளவில்லை, பொன்னாலும் மூளவில்லை, சீனியால் மூண்டது. இரத்தச் சோதனை முடிவைக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறையும் கீழாக ஒருமுறையும் நோக்கிய டொக்டர், அடுத்த கிளினிக் நாளுக்குள் நடந்து சீனியை இறக்காவிடில் நாள் தவறாமல் வயிற்றில் ஊசிதான் எனத் தீர்ப்புரைத்தார். ஊசி! அந்தோ, அச்சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் அம்மலைமேனி நடுங்கிற்று. தாம்பாளம் நிறைந்த வட்டிலப்ப இனிப்பைத் தனித்து நின்று வென்ற அவ்வீரர், முன்னொருகால் தடுப்பூசி வரிசையிலே தமக்கு முன்னால் நின்றவருக்கு ஊசி ஏறக் கண்டே மயங்கிச் சாய்ந்து, இரண்டு தாதிமார் தூக்க முடியாமல் மூன்றாமவரையும் கூப்பிட வைத்த வரலாறு உடையவர். ஆதலால் அவர்தம் இல்லத்தரசி ஸுலைஹா, விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அடுத்த ஊராகிய பலாபத்வல வரை நடை, அங்கிருந்து பஸ்ஸில் திரும்பல் என ஒரு சட்டம் இயற்றி, வேன் சாவியைத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். ஹாஜியாரும் மறுபேச்சில்லாமல் போய் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கினார்.

இனிப் பகைவர் யாரெனக் கேளுங்கள். வெயில் அல்ல, மேடு அல்ல, தெருநாயும் அல்ல. அன்பு, ஐயா, அன்பு! ஹாஜியார் மிளகு கொள்முதலுக்கு வேனில் திரிந்த காலமெல்லாம், வீதியோரம் நடந்த ஒருவரையாவது அவர் கடந்து போனதில்லை. கொழுந்து கிள்ளிக் களைத்த தோட்டத்துப் பெண்கள், பூத்தட்டோடு விகாரைக்குப் போன அம்மாமார், மழையில் நனைந்த வாத்திமார், கையில் கோழியோடு நின்ற மாப்பிள்ளை, அனைவரையும் ஏற்றினார், அந்தக் கோழியையும் ஏற்றினார். அவ்வளவு பேரும், அவர்தம் மக்களும் மருமக்களும், இன்று த்ரீவீல் ஓட்டுகிறார்கள், லொறி ஓட்டுகிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள். அப்பேர்ப்பட்ட வள்ளல் வேர்க்க விறுவிறுக்கத் தெருவில் நடந்துவரக் கண்டால் அந்த நெஞ்சுகள் சும்மா இருக்குமா? மாத்தளை மாவட்டமே பிரேக் அடித்தது.

முதல் நாள் வீட்டுச் சந்தி தாண்டுமுன் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்ப் பலாபத்வலயில் இறக்கினார்கள். இரண்டாம் நாள் குளிர்த்தொப்பியும் கழுத்துத்துணியுமாய் முகம் மறைத்துப் போனார், முகத்தை மறைக்கலாம், அந்தத் தொந்தியை எந்தத் துணியால் மறைப்பது? பிறிதொரு நாள் போர்த்தந்திரம் ஒன்று வகுத்து, மருமகனின் பழைய சைக்கிளை எடுத்து மிதித்தார். மேட்டிலே மூச்சு வாங்கி இறங்கித் தள்ளவே, கண்டவரெல்லாம் காற்றுப் போய்விட்டதென்று முடிவுகட்டி, சைக்கிளை ஒரு லொறியின் பின்னாலும் ஹாஜியாரை முன்னாலும் ஏற்றினார்கள். வேண்டாம் என்னும் சொல் அவர் வாயில் வரவே வராது, அன்போடு கூப்பிடுகிறவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. வெள்ளைச் சப்பாத்து வெள்ளையாகவே இருந்தது.

வீட்டிலோ சீனி அளக்கும் சிறு கருவி இரக்கமின்றிப் பழைய கணக்கையே காட்டிற்று. நடக்கிறேன் என்று சொல்கிறார், சீனி இறங்கவில்லை, ஆகவே மனுசன் தேத்தண்ணிக் கடையிலே குந்திக்கொண்டிருக்கிறார் என்று ஸுலைஹா தீர்மானித்தார். நடக்க விடுகிறார்களில்லை என்று ஹாஜியார் கண்கலங்க முறையிட்டார். இந்த உலகத்தில் மனிதனை நடக்க விடாத சனமும் உண்டா என்று ஸுலைஹா கேட்டுவிட்டு, கிளினிக் நெருங்கிய ஒரு காலைப்பொழுதில் அபாயாவை அணிந்து செருப்பை மாட்டி, தாமே சாட்சியாய் உடன் புறப்பட்டார்.

எழுந்தது படை! பனி விலகாத அவ்வேளையில், பட்டின எல்லையைத் தாண்டு முன்னமே, தடதடவென முழங்கி வந்து வழிமறித்தது சதீஸ்குமாரின் செந்நிற த்ரீவீல்.

“என்ன ஹாஜியார், வேன் ஒடஞ்சி போச்சா? அம்மாவையும் நடக்க வச்சிக்கிட்டு. ஏறுங்க.”

தேகசுகத்துக்காக நடக்கிறோம் என்று ஸுலைஹா விளக்கினார். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று எண்ணிய சதீஸ்குமார், ஊர்கோலத்துக்குப் பின்னால் வரும் வண்டி மாதிரி, அவர்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தான். அவனை ஸுலைஹா ஒருவாறு விரட்டிய கையோடு, தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த மாபெரும் லொறி ஒன்று மூச்சிரைத்து நின்றது. ஹாஜியாருக்காக அத்தனை கோவாவையும் பூசணியையும் திருப்பிக்கொண்டு பலாபத்வலவுக்கே போகலாம் என்றான் சாரதி. அவனுக்குப் பின்னால் நின்ற வாகனங்கள் எழுப்பிய ஹோர்ன் ஓசையில் அலுவிகாரைப் பக்கத்துக் குரங்குகளெல்லாம் கூரைக்கூரையாய்த் தாவின. ஸுலைஹாவின் முகம் மாறத் தொடங்கியது.

லொறியையும் அவர் அனுப்பிவைக்க, அப்பொழுது வந்தது யாவற்றிலும் கொடிய படை. குளிர்காற்று வீசும் உட்புறமும் மெத்தென்ற ஆசனமும் பொருந்திய கார், அதனுள்ளே ஸுலைஹாவின் உடன்பிறந்த தம்பி ஸக்கரியா! பெண் கொடுத்த வீட்டின் மூத்த ஆண்மகன். அவன் மனம் நொந்தால் பெருநாளைக்கு வீட்டு வாசல் மிதிக்கமாட்டான்.

“ராத்தா, ஏறுங்க. என்ட மச்சான் ரோட்டுல நடந்து போறாருன்டா ஊர் என்ன சொல்லும்?”

ஐயகோ, என்ன சொல்வேன்! சட்டம் இயற்றிய அந்த ஸுலைஹாவே, பாதம் எரிய, தம்பி கதவைத் திறந்துவிட, ஒரு நொடி தயங்கி, மறு நொடி ஏறி உட்கார்ந்தே விட்டார். உட்கார்ந்த பிறகுதான் தாம் செய்தது அவருக்கே உறைத்தது. இப்படித்தான் தினமும் இந்த மனுசனுக்கும் நடந்திருக்கிறது என்று விளங்கியது, நெஞ்சு சுருக்கென்றது.

ஹாஜியாரின் வலது பாதம் காருக்குள் போயிற்று. இடது பாதம் தாரிலே நின்றது. குளிர்காற்று முழந்தாளை வருடிற்று, மச்சானின் புன்னகை அழைத்தது, உள்ளே ஆசனம் காத்திருந்தது. மறுபுறமோ ஊசி, பளபளக்கும் கூர்முனையோடு, ஆயுள் முழுதும், நாள் தவறாமல். பிறந்த நாள்முதல் யாரிடமும் உரைத்திராத அந்தச் சொல்லை, மாத்தளை மலைகள் யாவும் கேட்க, அவ்வீரர் உரைத்தார்.

“மச்சான், கோவிச்சிக்கிறாதீங்க. நான் ஏற மாட்டேன்.”

வலது பாதம் வெளியே வந்தது. ஸக்கரியாவின் முகம் சிறுத்துப் போயிற்று. தினமும் இது நடக்கிறது, நான்தான் நம்பவில்லை என்று தம்பியிடம் சொல்லும்போதே ஸுலைஹாவுக்கு அழுகை வந்தது. பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி இந்தப் பாவத்துக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் எனச் சூளுரைத்துக் கைப்பேசியை எடுத்தார். த்ரீவீல் தரிப்பிடத்துக்கும், பஸ் நிலையத்துக்கும், லொறிக்காரர் தேத்தண்ணி குடிக்கும் கடைகளுக்கும், சொந்தபந்தம் அத்தனைக்கும், அரச முரசினும் விரைவாய்ப் பரவிற்று அவர் பிரகடனம்:

“என்ட மனுசன யாரு ஏத்திக்கிட்டுப் போனாலும் சரி, அவருக்குப் போடுற ஊசிய அவங்களே குத்தின மாதிரிதான்.”

கார் தமக்கையை வீட்டில் சேர்க்கத் திரும்பியது. தனித்து நடந்தார் ஹாஜியார். ஆகா, அந்நடையின் அழகை என்னென்பேன்! காலமெல்லாம் வேனில் பறந்த வீதிக்கு ஒரு வாசனை உண்டென்பதை அன்றுதான் அவர் மூக்கு அறிந்தது. முருக்க மரத்தைத் தழுவி ஏறிய மிளகுக்கொடியில் பனி சொட்டியது. அதே மிளகைத்தான் மூட்டைமூட்டையாய் நிறுத்திருந்தார், கொடியாய் நின்று பார்த்ததில்லை. மதகுக்குக் கீழே ஓடை சலசலத்தது, மீன்கொத்தி ஒன்று நீலமாய்ப் பாய்ந்தது, கிழக்கே மலைமுகடுகளில் மேகம் அவிழ்ந்து வெயில் இறங்கிற்று. மூச்சு வாங்கியது, சப்பாத்து கடித்தது, ஆனாலும் மனுசனுக்குச் சந்தோசம் பொங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக் கையை வீசி வீசி நடந்தார்.

பலாபத்வலச் சந்தி அவரை எதிர்கொண்டது. குதிகாலில் கொப்புளமும் நெற்றியில் வேர்வையும் வெற்றிச்சின்னங்களாய் விளங்க, சீனியில்லாத பிளேன்டித் தேநீரை ஒரே மூச்சில் அருந்தி, பகைவரற்ற பெருவீதியை ஏறிட்டு நோக்கினார் வெற்றிவேந்தர். இனிச் சட்டப்படி பஸ்ஸில் ஏறலாம். கால்கள் இரண்டும் அதற்கே ஏங்கின. பஸ் வருமுன்னே பட்டினப் பக்கம் போன முதல் த்ரீவீலுக்குக் கை நீட்டினார். சாரதி நெஞ்சில் கைவைத்து ஸலாம் சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினான். லொறியொன்று வந்தது, பாராட்டாய் இருமுறை ஹோர்ன் அடித்துக் கடந்தது. தெரிந்த முகங்கள் யன்னலுக்கு யன்னல் கையசைத்தன, ஒரு சக்கரமும் நிற்கவில்லை. கடைசியில் பஸ் வந்தது, வேறு ஆட்களை இறக்குவதற்காக நின்றது. ஹாஜியார் மிதிபலகையில் காலைத் தூக்கி வைத்தார். கொண்டக்டர் கீழே இறங்கி, பெற்ற தகப்பனைப் பிடிப்பதுபோல் மெல்ல அவர் கையைப் பிடித்து, காலைத் திரும்பத் தரையில் வைக்கச் செய்தான்.

“பாவம்தான் ஹாஜியார், ஆனா ஏத்த ஏலாது. வீட்டம்மா சொல்லியிருக்காங்க.”

பஸ் போய்விட்டது.

ஹாஜியார் வீட்டுக்கும் நடந்தே போனார்.